ஒபாமாவைப் பார்த்தோமா, ஒபாமாவின் படத்தைப் பார்த்தோமா?

பட்டிமன்றத் தலைப்பு: ஒரு தலைவரை மக்கள் அறிவது அவர் செயலாலா, ஊடகம் காட்டும் படத்தாலா?
('ஊடகம் காட்டும் படத்தாலே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது)

அறிவார்ந்த நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி எங்கள் கட்சிக்கு வலுச் சேர்த்த அணித்தலைவர் அவர்களே! பேசுவதற்கு முன்பே தோற்றுவிட்ட முகத்தோடு எதிரில் உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) அரங்கு நிறைய வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் அன்பு நேயர்களே! 

ஆளுக்கொரு உலகத் தலைவரை எடுத்துக்கிட்டு வழக்காடணும்னு நடுவர் ஐயா உத்தரவு போட்டாங்க. எனக்குக் கிடைச்சவர் பராக் உசேன் ஒபாமா. 2009 முதல் 2017 வரை அமெரிக்காவை ஆண்டவர். அவருக்கும் இஸ்லாமிய உலகத்துக்கும் இருந்த உறவு எப்படி, அதை ஊடகம் எப்படிக் காட்டிச்சு என்பதுதான் என் வழக்கு.

எதிரணி நண்பர் ரொம்ப அழகாச் சொன்னார். "செயல்தான் சூரியன், அதைக் கையால் மறைக்க முடியாது" அப்படின்னார். உண்மைதான் ஐயா. சூரியனை யாராலும் மறைக்க முடியாது. ஆனா என் கண்ணை மறைக்கிறதுக்கு முழுக் கைகூட வேணாம். கண்ணுக்கு நேரே ஒரு சுண்டுவிரல் போதும். (கைதட்டல்) சூரியன் மேலேதான் இருக்கும். எனக்குத்தான் தெரியாது. அந்தச் சுண்டுவிரல் பேர்தான் ஊடகப் படம்!

கதையை ஆரம்பத்திலிருந்து சொல்றேன். ஒபாமா 1961-இல் ஹவாய்த் தீவில் பிறந்தவர். அப்பா கென்யாக்காரர். அம்மா அமெரிக்கப் பெண்மணி. அந்த அம்மா பிறகு இந்தோனேசியாக்காரர் ஒருவரை மணந்துகொண்டார். அதனால் 1967-இல் பையன் ஜகார்த்தாவுக்குப் போனான். 1971 வரை, ஆறு வயசிலிருந்து பத்து வயசு வரைக்கும், அங்கேதான் வளர்ந்தான். முதலில் ஒரு கத்தோலிக்கப் பள்ளி, அப்புறம் ஒரு அரசுப் பள்ளி. மழையில ஆடினான், பட்டம் விட்டான். இவ்வளவுதான் விஷயம்.

இந்தப் பையன் வளர்ந்து, 2007-ஆம் வருஷம் ஜனாதிபதி தேர்தலில் நிற்கப்போறேன்னு கிளம்பின சமயத்தில் ஒரு பத்திரிகையில செய்தி வருது. சின்ன வயசுல இவர் ஜகார்த்தாவில் தீவிரவாதம் போதிக்கிற மதரஸாவில் படிச்சவராம்! யார் சொன்னது? பேர் கிடையாது. யார் பார்த்தது? ஆள் கிடையாது. ஆனாலும் தொலைக்காட்சியில் அதை எடுத்துவச்சு விவாதம் பண்றாங்க. "இருக்குமோ?" என்று ஒருத்தர், "இருந்தாலும் இருக்கும்" என்று இன்னொருத்தர். நம்ம ஊர்த் திண்ணையில நடக்கிறதுதான். அங்கே அதையே கோட்டும் சூட்டும் போட்டுக்கிட்டுப் பண்ணாங்க! (சிரிப்பு)

அப்போ சி.என்.என். தொலைக்காட்சி ஒரு நல்ல காரியம் செஞ்சது. அதையும் சொல்லணும், இல்லாட்டா நான் நியாயமாப் பேசினவள் ஆக மாட்டேன். ஒரு நிருபரை நேரா ஜகார்த்தாவுக்கு அனுப்பி அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே போய்ப் பார்க்கச் சொன்னாங்க. போய்ப் பார்த்தா, அது சாதாரண அரசுப் பள்ளிக்கூடம். பல மதத்துப் பிள்ளைங்க, ஆணும் பெண்ணும், சீருடை போட்டுக்கிட்டு உட்கார்ந்து படிக்கிறாங்க. இவ்வளவு தூரம் தாண்டிப் போய் உண்மையைக் கொண்டுவந்தாங்க. அதோட வதந்தி செத்திருக்கணுமில்லையா? எதிரணி நண்பர்களின் கணக்குப்படி செத்திருக்கணும். செத்துச்சா? இல்லை ஐயா. பொய் விமானத்தில போகுது, மறுப்பு மாட்டு வண்டியில வருது!

2008 ஜூலையில ஒரு பெரிய பத்திரிகை, நியூ யார்க்கர், அட்டையிலே கேலிச்சித்திரம் போட்டது. ஒபாமா தலைப்பாகையும் அங்கியும் போட்டிருக்கார். அவர் மனைவி முதுகில் துப்பாக்கி. சுவரில் பின்லேடன் படம். அடுப்பில் அமெரிக்கக் கொடி எரியுது. கேட்டா, "வதந்தி பரப்புறவங்களைக் கிண்டல் பண்ணத்தான் போட்டோம்" என்றார்கள். நோக்கம் நல்ல நோக்கமா இருக்கலாம். ஆனா கிண்டல் படிச்சவனுக்குத்தான் புரியும். படம் எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

அதே வருஷம் அக்டோபர் 10-ஆம் தேதி. எதிர்த்து நின்ற மெக்கெய்ன் ஒரு கூட்டத்தில் இருக்கார். ஒரு அம்மா எழுந்து, "எனக்கு ஒபாமாவை நம்ப முடியலை, அவர் அரபுக்காரர்" என்றார். மெக்கெய்ன் பெரிய மனுஷன். தன் கூட்டம், தன் ஓட்டு என்று பார்க்காமல் மைக்கை வாங்கி, "இல்லையம்மா, அவர் நல்ல குடும்பஸ்தர், இந்த நாட்டுக் குடிமகன், எனக்கும் அவருக்கும் கொள்கையில்தான் வேறுபாடு" என்று சொன்னார். எல்லாரும் பாராட்டினோம். நானும் பாராட்டறேன். ஆனா நடுவர் ஐயா, ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. "அவர் அரபுக்காரர்" என்பதற்கு, "இல்லை, நல்ல குடும்பஸ்தர்" என்பது பதிலாக முடியுமா? அப்போ அரபுக்காரன் குடும்பஸ்தன் இல்லையா? (கைதட்டல்) மெக்கெய்ன் கெட்ட எண்ணத்தில சொல்லலை. நல்ல மனுஷன் வாயிலேயே அந்த வார்த்தை அப்படி வந்து விழுதுன்னா, அந்தப் படம் எவ்வளவு ஆழமா இறங்கியிருக்கும்!

ஒன்பது நாள் கழித்து, அக்டோபர் 19 அன்று, அந்த எதிர்க்கட்சியைச் சேர்ந்த தளபதி காலின் பாவல் தொலைக்காட்சியில் பேசினார். அவர் சொன்னதன் சாரம் இதுதான். ஒபாமா முஸ்லிம் இல்லை, கிறிஸ்தவர். இது சரியான பதில். ஆனால் உண்மையிலேயே சரியான பதில் இன்னொன்று இருக்கிறது. அவர் முஸ்லிமாகவே இருந்தால்தான் என்ன? இந்த நாட்டில் முஸ்லிமாக இருப்பது ஒரு குற்றமா? ஏழு வயசு முஸ்லிம் பையன் ஒருத்தன் இந்த நாட்டின் ஜனாதிபதி ஆகணும்னு கனவு காணக் கூடாதா? இப்படிக் கேட்டார். அத்தனை மாசம், அத்தனை சேனல், அத்தனை விவாதம். இந்த ஒரு கேள்வியைக் கேட்கிறதுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் வர வேண்டியிருந்தது!

சரி, ஆட்சிக்கு வந்துட்டார். இனிமேல் செயல் பேசணும் இல்லையா? அவர் செய்ததைப் பாருங்க. 2009 ஜனவரி 20 பதவியேற்பு. ஒரு வாரத்துக்குள்ளே அல் அரபியா என்ற அரபுத் தொலைக்காட்சிக்குப் பேட்டி. ஜனாதிபதி ஆன பிறகு கொடுத்த முதல் முறையான தொலைக்காட்சிப் பேட்டியே அதுதான். ஏப்ரல் 6, துருக்கி நாடாளுமன்றம்: "அமெரிக்கா இஸ்லாத்தோடு போரில் இல்லை, என்றும் இருக்காது" என்ற பொருளில் பேசினார். ஜூன் 4, கெய்ரோ பல்கலைக்கழகம். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்ற வார்த்தையை அமெரிக்க முஸ்லிம்களின் வாழ்த்தாகக் கொண்டுபோய்ச் சொன்னார். கைதட்டல் நிற்கவே இல்லை. கூட்டத்திலிருந்து ஒருத்தர், "ஒபாமா, உங்களை நேசிக்கிறோம்" என்று குரல் கொடுத்தார்.

அந்தப் பேச்சு கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அதில் என்ன இருந்தது? தீவிரவாதத்தைக் கண்டித்தார். இஸ்ரேலோடு அமெரிக்காவுக்கு இருக்கும் பந்தம் அறுபடாதது என்றார். பாலஸ்தீன மக்களின் துயரம் தாங்க முடியாதது என்றார். யூதக் குடியேற்றங்களை ஏற்க முடியாது என்றார். யூதப் படுகொலையை மறுப்பது அறியாமை என்று அரபு மண்ணிலேயே நின்று சொன்னார். பெண் கல்வி, மதச் சுதந்திரம், ஜனநாயகம் எல்லாம் பேசினார். இவ்வளவையும் அப்படியே மக்களுக்குக் கொடுத்தாங்களா? அவர் ஊரில் ஒரு கூட்டம், "மன்னிப்புக் கேட்கப் போனார்" என்று ஒரு வார்த்தையில முடிச்சது. முஸ்லிம் நாடுகளில் ஒரு கூட்டம், "நம்மாளு வந்துட்டார்" என்று ஒரு வார்த்தையில முடிச்சது. அங்கே அவருக்குக் கொம்பு வச்சாங்க, இங்கே ஒளிவட்டம் வச்சாங்க. இரண்டுக்கும் நடுவில் இருந்த மனுஷனை யார் பார்த்தா? (கைதட்டல்)

அதே ஏப்ரல் மாசம் லண்டனில் ஒரு மாநாடு. சவுதி மன்னர் அப்துல்லாவைப் பார்த்ததும் ஒபாமா கொஞ்சம் குனிஞ்சார். குனிஞ்சாரா இல்லையா என்று நாள்கணக்கில் பட்டிமன்றம்! நமக்கே போட்டியா வந்துட்டாங்க. (சிரிப்பு) ஆனா 2005-இல் அதே அப்துல்லா பட்டத்து இளவரசரா டெக்சாஸ் பண்ணைக்கு வந்தப்போ, ஜனாதிபதி புஷ் அவர் கையைக் கோத்துக்கிட்டு நடந்தார். அதையும் கேலி பண்ணாங்க, இல்லேன்னு சொல்லலை. ஆனா அதைப் பார்த்துவிட்டு "புஷ் ரகசிய முஸ்லிம்" என்று யாராவது சந்தேகப்பட்டார்களா? கிடையாது. செயல் ஒன்றுதான். ஆள் பேரு மாறினா அர்த்தமும் மாறிடுது. உசேன் என்ற நடுப்பேர் இருந்தா குனிஞ்சது குற்றம்!

எதிரணி நண்பர் என்னிடம் ஆதாரம் கேட்பார். வச்சிருக்கேன். பியூ ஆய்வு மையம் 2009 மார்ச்சில் கேட்டப்போ, அமெரிக்கர்களில் நூற்றுக்கு 11 பேர் ஒபாமா முஸ்லிம் என்று சொன்னாங்க. 2010 ஆகஸ்டில் கேட்டப்போ அது 18 ஆச்சு. கவனியுங்க ஐயா! ஒரு ஆளைப் பார்க்கப் பார்க்க உண்மை தெளிவாகணும். ஒன்றரை வருஷம் ஆட்சியைப் பார்த்த பிறகு குழப்பம் கூடியிருக்கு! அப்படிச் சொன்னவர்களிடம், "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றும் கேட்டாங்க. நூற்றுக்கு 60 பேர் சொன்ன பதில், "ஊடகத்தில் பார்த்தோம்." நடுவர் அவர்களே, என் வழக்கு இத்தோட முடிஞ்சது. ஆனா மணி இன்னும் அடிக்கலை, அதனால தொடர்றேன். (சிரிப்பு, கைதட்டல்)

2010 நவம்பரில் அவர் நம்ம இந்தியாவுக்கு வந்தார். அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குப் போவார் என்று பேச்சு இருந்தது, போகலை. நேரமில்லை என்பது அதிகாரிகள் சொன்ன காரணம். ஆனா பத்திரிகைகளில் என்ன எழுதினாங்க தெரியுமா? கோயிலுக்குள்ளே போகத் தலையில துணி கட்டணும். கட்டின படம் வந்தா, "பார்த்தியா முஸ்லிம்தான்" என்று அவர் ஊரில் கிளப்பிவிடுவாங்க என்ற பயம்தான் காரணம் என்று எழுதினாங்க. சீக்கியர் கோயிலுக்குப் போறதுக்கும் முஸ்லிம் என்ற வதந்திக்கும் என்ன ஐயா சம்பந்தம்? படத்துக்கு அதெல்லாம் தெரியாது. தலையில துணி, அவ்வளவுதான் தெரியும்.

இந்தியாவை முடிச்சுக்கிட்டு அவர் போனது ஜகார்த்தா. இந்தோனேசியப் பல்கலைக்கழகத்தில் அந்த ஊர் மொழியிலேயே, "இந்தோனேசியா என்னுள் ஒரு பகுதி" என்றார். சின்ன வயசில் தெருவில் கேட்ட பண்டக்காரர்களின் கூவலை, "சாத்தே! பாக்சோ!" என்று அப்படியே கூவிக் காட்டினார். மொத்தக் கூட்டமும் சிரிச்சு மகிழ்ந்தது. எந்த ஊரை வச்சு அவரைக் குற்றவாளி ஆக்கினாங்களோ, அந்த ஊர் அவருக்கு அம்மா கைபிடிச்சு நடந்த ஊர்.

இப்போ எதிரணியின் பலமான வாதத்துக்கு வர்றேன். "பேச்சு இனிச்சது, செயல் கசந்தது, குவாண்டானமோ சிறையை மூடினாரா? ஆளில்லா விமானத்தில் குண்டு போட்டாரே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் ஒபாமாவுக்கு வக்கீல் இல்லை. பதவியேற்ற மூன்றாம் நாள் அந்தச் சிறையை ஒரு வருஷத்தில் மூட உத்தரவிட்டார். 2017-இல் அவர் போகும்போதும் அது திறந்துதான் இருந்தது. உள்ளே 41 பேர் இருந்தாங்க. போர்க்களத்துக்கு வெளியே 2009 முதல் 2015 வரை 473 தாக்குதல் என்று அவர் அரசே கணக்குச் சொன்னது. அதில் செத்த அப்பாவிகள் 64 முதல் 116 பேர் வரை என்றது. அதைவிட அதிகம் என்று வெளியே கணக்கெடுத்தவர்கள் சொன்னாங்க. குண்டு விழுந்த வீட்டுக்காரனுக்கு ஒபாமாவைத் தெரிஞ்சுக்கத் தொலைக்காட்சி தேவையில்லை. அந்த ஒருத்தன் செயலால் அறிந்தான். ஒத்துக்கறேன்.

ஆனா ஐயா, நம்ம தலைப்பு "மக்கள் அறிவது". அந்தக் கணக்கு எப்போ வெளியே வந்தது தெரியுமா? 2016 ஜூலையில். ஆட்சி முடியற வருஷத்தில்! ராஜா முன்னால குனிஞ்சது ஒரே நாள்ல உலகத்துக்கெல்லாம் தெரிஞ்சது. குண்டு விழுந்த கணக்கு ஊருக்குத் தெரிய ஏழு வருஷம் ஆச்சு. "அவர் எங்கே பிறந்தார், எந்தச் சாமியைக் கும்பிடறார்" என்று கேட்டுக்கிட்டிருந்த நேரத்தில், "அவர் என்ன செய்யறார்" என்று எத்தனை பேர் கேட்டாங்க? பொய்ப் படம் அவரை அநியாயமாத் தாக்கியது மட்டுமில்லை. அவரிடம் கேட்கவேண்டிய நியாயமான கேள்வியையும் மறைச்சது. எதிரணி நண்பர் எடுத்துக்கொடுத்த ஆதாரம் எங்கள் கட்சிக்குத்தான் சொந்தம்! (பலத்த கைதட்டல்)

நடுவர் ஐயா, நான் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. அமெரிக்காக்காரனைக் குறை சொல்லிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்க எனக்கு யோக்கியதை கிடையாது. ஏன்னு சொல்றேன்.

சில வருஷத்துக்கு முன்னால எங்க வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம் குடிவந்தது. புருஷன், பெண்டாட்டி, வயசான மாமியார், என் மகள் வயசில ஒரு பொண்ணு. இரண்டு பிள்ளைங்களும் ஒண்ணாத்தான் விளையாடும். ஒரு நாள் காலையில ஒரு பத்திரிகையில ஒரு கைது செய்தி. படம் இல்லை, பேர் மட்டும் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் பேரும் அதுதான். அன்னைக்கு அவர் வேலை விஷயமா வெளியூர் போயிருந்தார். அவ்வளவுதான்! பால்காரரிடம் ஆரம்பிச்சு, சாயங்காலத்துக்குள்ளே தெருவே முடிவு பண்ணிடுச்சு.

நான் என்ன செஞ்சேன்? தினமும் பிள்ளைகளுக்கு மெய்ப்பொருள் காண்பது பற்றி வள்ளுவர் சொன்னதை விளக்கிச் சொல்ற நான், என் மகளைக் கூப்பிட்டு, "இனிமே அந்த வீட்டுக்குப் போகாதே" என்றேன். அவள், "ஏம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. "சொன்னாக் கேளு" என்றேன். பத்து நாள். அந்தச் சின்னப் பொண்ணு தினமும் சாயங்காலம் கேட்டுக்கிட்டே நின்னு எங்க வீட்டைப் பார்க்கும். நான் ஜன்னலைச் சாத்திக்குவேன்.

பதினோராம் நாள் அவர் ஊரிலிருந்து வந்து இறங்கினார். கையில பை, முகத்தில் எப்பவும் இருக்கிற சிரிப்பு. செய்தியில வந்தவர் வேற ஆள், வேற ஊர், பேர் மட்டும் ஒண்ணு. அன்றைக்குச் சாயங்காலம் அந்த மாமியார் அம்மா ஒரு தூக்குச்சட்டியில நோன்புக் கஞ்சி எடுத்துக்கிட்டு எங்க வாசலுக்கு வந்தாங்க. ஒரு வார்த்தை கோபமாப் பேசலை. "டீச்சரம்மா, ஊரு பேசினது எங்களுக்கு வருத்தமில்லம்மா. நீங்க ஒரு எட்டு வந்து என்னன்னு கேட்டிருக்கலாம், அதான் மனசுக்கு" என்று சொல்லி நிறுத்திட்டாங்க.

ஒரு நிருபர் உண்மையைப் பார்க்கக் கடல் தாண்டி ஜகார்த்தா போனார். எனக்கு இருந்த தூரம் இருபது அடித் தெரு. நான் தாண்டலை, நடுவர் ஐயா. என் கண்ணுக்கு எதிரே இருந்த குடும்பத்தை நான் அவங்க செயலால் அறியலை. மூணு வரிச் செய்தியால் அறிந்தேன். அதனால்தான் இந்த அணியில் வந்து நிற்கிறேன். படம் ஜெயிக்கும் என்று நான் பெருமையாச் சொல்லலை. வெட்கத்தோட சொல்றேன். (நீண்ட கைதட்டல்)

(நடுவர்: மணி அடிக்க எனக்கு மனசு வரலை. ஆனாலும் நேரம் ஆச்சும்மா.)

முடிச்சுடறேன் ஐயா. 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி ஒபாமா பால்டிமோர் நகரப் பள்ளிவாசலுக்குப் போனார். ஜனாதிபதியாக அமெரிக்காவில் ஒரு பள்ளிவாசலுக்கு அவர் போனது அதுதான் முதல் தடவை. எட்டு வருஷ ஆட்சியில் எட்டாவது வருஷம்! அங்கே சிரிச்சுக்கிட்டே ஒன்று சொன்னார். தாமஸ் ஜெபர்சனையும் எதிரிகள் முஸ்லிம் என்று சொன்னார்கள், அதனால் இதில் நான் முதல் ஆள் இல்லை என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். பல அமெரிக்கர்கள் ஒரு குண்டுவெடிப்புச் செய்திக்குப் பிறகுதான் முஸ்லிம்களைப் பற்றிக் கேள்விப்படுகிறார்கள். நம்முடைய தொலைக்காட்சித் தொடர்களில் போலீஸ், பாதுகாப்பு என்ற கதையோடு சம்பந்தமில்லாத முஸ்லிம் பாத்திரங்களும் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஒரு வல்லரசின் தலைவர் எவ்வளவு சின்ன வரம் கேட்கிறார் பாருங்க! சும்மா ஒரு டாக்டரா, ஒரு வாத்தியாரா, எதிர்வீட்டு அம்மாவா காட்டுங்கள் என்கிறார்.

செயல் பெரிதா, படம் பெரிதா என்றால் செயல்தான் பெரிது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா மக்கள் அறிவது எதனால் என்று கேட்டால், ஊடகம் காட்டும் படத்தாலே, படத்தாலே என்று அடித்துச் சொல்கிறேன். அந்த நிலைமை மாறணும்னா, நடுவர் ஐயா தீர்ப்புச் சொன்னா மட்டும் போதாது. வீட்டில் இருக்கிற நாம ஒவ்வொருத்தரும் எழுந்து, கதவைத் திறந்து, அந்த இருபது அடியைத் தாண்டணும். நான் பத்து நாள் தாமதமாத் தாண்டினேன். இப்போ இரண்டு பொண்ணுங்களும் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போகுதுங்க.